முகப்பருவும் ஒளியும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன்.

முதலாண்டு மாணவர்களுக்கு ஒளிர்தல் என்னும் நிகழ்வைக் காட்டிக் கொண்டிருந்தேன். அறையை இருட்டாக்கி, 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா விளக்கை ஏற்றி, அதன் கீழ் ஒரு ரூபாய் நோட்டை வைத்தேன். நோட்டிலுள்ள எண்களும் பாதுகாப்பு இழையும் பளிச்சென்று ஒளிர்ந்தன. கண்ணாடி அணிந்த மாணவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். அவர்களுள் ஒருவன் குனிந்தபோது விளக்கின் ஒளி அவன் முகத்திலும் பட்டது. அவனுடைய மூக்கிலும் கன்னத்திலும் கடுகளவான ஆரஞ்சு நிறப் புள்ளிகள் பல மின்னின. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் உடனே என் முகத்தையும் விளக்கின் கீழ் நீட்டினேன். நாற்பதைத் தாண்டிய என் மூக்கிலும் புள்ளிகள் தெரிந்தன. சிரிப்பு அடங்கியது.

வகுப்பு முடிந்தபின் அந்த மாணவன் தயங்கித் தயங்கி வந்தான். "சார், அது அழுக்கா? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சோப்புப் போடுறேன், சார்" என்றான். வெளிச்சத்தில் பார்த்தபோது முகம் முழுவதும் பருக்கள். தோல் சிவந்து காய்ந்திருந்தது. கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு களிம்பையும் நான்கு மாதமாகப் பூசி வருவதாகச் சொன்னான். அந்தக் களிம்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவன் கேட்ட கேள்விக்கு விடை காண்போம்.

பரு எப்படித் தோன்றுகிறது?

நமது தோலில் மயிர்க்கால்கள் உண்டு. ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இச்சுரப்பிகள் இல்லை. முகத்திலோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 வரை இருக்கின்றன. இவை சுரக்கும் எண்ணெய்ப் பொருளுக்குச் சீபம் என்று பெயர். இது மயிர்க்காலின் குழாய் வழியே மேலே வந்து தோலின் மீது பரவுகிறது.

பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன்கள் உடலில் மிகுகின்றன. இவை ஆண்களுக்கு மட்டும் உரியவை அல்ல. பெண்களின் உடலிலும் குறைந்த அளவில் உண்டு. இந்த ஹார்மோன்களால் எண்ணெய்ச் சுரப்பிகள் பெரிதாகி, அதிகமாகச் சீபத்தைச் சுரக்கின்றன. இது முதற் காரணம்.

குழாயின் உட்சுவரிலுள்ள தோல் அணுக்கள் வழக்கமாக உதிர்ந்து வெளியேறிவிடும். பரு தோன்றும் இடத்தில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குழாயின் வாயை அடைக்கின்றன. இது இரண்டாவது காரணம். அடைப்பின் மேல்வாய் மூடியிருந்தால் அது வெண்முள்ளாகவும், திறந்திருந்தால் கரும்முள்ளாகவும் தெரியும். கரும்முள்ளின் கறுப்பு நிறம் அழுக்கினால் வருவதன்று. தோலின் நிறமியாகிய மெலனினும், காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த பொருள்களுமே அந்நிறத்தைத் தருகின்றன. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அது போகாததன் காரணம் இதுதான்.

மூன்றாவதாக, நம் எல்லாருடைய தோலிலும் வாழும் ஒரு பாக்டீரியா இங்கே பங்கு கொள்கிறது. இதன் பெயர் குட்டிபாக்டீரியம் ஆக்னெஸ். 2016 வரை இது புரோப்பியோனிபாக்டீரியம் என்ற பெயரால் அழைக்கப்பட்டது. ஆக்சிஜன் குறைந்த இடமே இதற்கு ஏற்றது. அடைபட்ட குழாய் இதற்குக் கட்டிக் கொடுத்த வீடு போலாகிறது. தேங்கிய சீபமே உணவாகிறது.

நான்காவதாக, உடலின் பாதுகாப்புப் படையாகிய வெள்ளணுக்கள் அங்கே விரைகின்றன. சிவத்தல், வீக்கம், வலி, சீழ் ஆகிய அழற்சிக் குறிகள் தோன்றுகின்றன. நாம் பரு என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத்தான். இது கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அடைப்புத் தொடங்கிவிடுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். பின்னால் இது பயன்படும்.

சீபம், அடைப்பு, பாக்டீரியா, அழற்சி ஆகிய நான்குமே பருவின் நான்கு கால்கள். ஒவ்வொரு மருந்தும் இவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ தாக்குகிறது. எந்த மருந்து எந்தக் காலைத் தட்டுகிறது என்று கேட்டுக்கொண்டால், மருத்துவம் முழுவதும் எளிதில் விளங்கிவிடும்.

ஆரஞ்சுப் புள்ளிகளின் கணக்கு

இருட்டறையில் மின்னிய புள்ளிகள் யாவை? அந்தப் பாக்டீரியா தன் வாழ்க்கைப் போக்கில் போர்ஃபைரின் என்னும் பொருள்களை உண்டாக்குகிறது. நமது குருதியின் சிவப்பு நிறத்திற்குக் காரணமான ஹீம் என்ற பொருளும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. போர்ஃபைரின் புற ஊதாக் கதிரை உட்கொண்டு, ஆரஞ்சுச் சிவப்பு ஒளியை வெளியிடுகிறது.

ஒரு ஃபோட்டானின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டில் அறிய, 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும். 365 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றல் ஏறத்தாழ 3.4 எலக்ட்ரான் வோல்ட். வெளிவரும் 630 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றல் ஏறத்தாழ 2 எலக்ட்ரான் வோல்ட். வாங்கியது 3.4, திருப்பித் தந்தது 2. மீதமுள்ள 1.4 எலக்ட்ரான் வோல்ட் மூலக்கூறின் அதிர்வாகி, முடிவில் வெப்பமாகிவிடுகிறது. ஒளிர்தலில் வெளிவரும் ஒளியின் அலைநீளம் உட்சென்றதைவிட அதிகமாக இருப்பதன் காரணம் இதுவே.

இத்தகைய விளக்கைத் தோல் மருத்துவர்கள் வுட் விளக்கு என்று அழைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாக் கதிரை மட்டும் விடும் வடிகட்டியை அமைத்த ராபர்ட் வில்லியம்ஸ் வுட் என்பவர் அமெரிக்க இயற்பியலாளர். ஆகவே, அந்த மாணவனுக்கு நான் சொன்ன விடை இது: "அது அழுக்கு இல்லை தம்பி. எல்லார் தோலிலும் இருக்கிற ஓர் உயிரின் அடையாளம். சோப்பைக் குறை." முகத்தை நாளுக்கு இருமுறை மென்மையான சோப்பினால் கழுவினால் போதும். அதற்கு மேல் தேய்த்தால் தோலின் மேலடுக்கு புண்பட்டு அழற்சி கூடும்.

வீட்டில் யாரும் புற ஊதா விளக்கைக் கொண்டு இதைச் செய்து பார்க்க வேண்டாம். கண்ணுக்குத் தீங்கு நேரும்.

மறக்கக் கூடாத ஒரு பாடம்

எக்ஸ் கதிர் 1895இல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அதை மருத்துவர்கள் பல நோய்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அவற்றுள் முகப்பருவும் ஒன்று. எக்ஸ் கதிர் பட்டதும் எண்ணெய்ச் சுரப்பிகள் சுருங்கின, பருக்கள் மறைந்தன. நோயாளிகள் மகிழ்ந்தார்கள். 1950களிலும்கூட இம்முறை சில நாடுகளில் வழக்கில் இருந்தது.

ஆனால் 20, 30 ஆண்டுகள் கழிந்தபின் அவர்களுள் சிலருக்குத் தைராய்டுப் புற்றுநோயும் முகத் தோலில் புற்றுநோயும் தோன்றின. காரணத்தை எண்களே சொல்லும். 30,000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஓர் எக்ஸ் கதிர் ஃபோட்டான், 3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நீல ஒளி ஃபோட்டானைப் போல் 10,000 மடங்கு ஆற்றல் உடையது. அது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிந்து, மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வையே சிதைக்கும். இம்முறை இன்று கைவிடப்பட்டுவிட்டது.

பரு மறைந்தது என்பது மட்டும் ஒரு சிகிச்சை நல்லது என்பதற்குச் சான்றாகாது. அது எப்படி மறைந்தது, அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்றும் கேட்க வேண்டும்.

பூசும் மருந்துகள்

பென்சாயில் பெராக்சைடு: இதன் மூலக்கூறின் நடுவில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களுக்கிடையே ஒரு வலுவற்ற பிணைப்பு உண்டு. அது எளிதில் உடைந்து, வினைத்திறன் மிக்க துண்டுகள் தோன்றுகின்றன. அவை பாக்டீரியாவைப் பல இடங்களில் ஒரே சமயத்தில் தாக்குவதால், அதனால் எதிர்ப்பு ஆற்றலை வளர்த்துக்கொள்ள முடிவதில்லை. 2.5 விழுக்காடு செறிவுள்ள மருந்து ஏறத்தாழ 10 விழுக்காட்டு மருந்தைப் போலவே பலன் தருகிறது, எரிச்சலோ குறைவு. ஆகவே செறிவு அதிகமானால் பலனும் அதிகம் என்று எண்ணுவது தவறு. இதே வேதிப்பொருள் மாவை வெளுக்கவும் பயன்பட்டது. எனவே தலையணை உறையும் துண்டும் வெளுத்துப் போகலாம். வெள்ளைத் துணியைப் பயன்படுத்துங்கள். வெப்பத்தில் இது சிதைந்து, பென்சீன் என்னும் தீய பொருள் உண்டாகக் கூடும். ஆகையால் குழாயை வெயிலில் வைக்காமல் குளிர்ந்த இடத்தில் வைத்து, காலக்கெடுவுக்குள் பயன்படுத்த வேண்டும்.

ரெட்டினாய்டுகள்: இவை வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தவை. குழாயின் உட்சுவர் அணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் உதிரும்படி செய்கின்றன. அதாவது அடைப்பு என்னும் காலைத் தட்டுகின்றன. 1971இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரெட்டினாயினும், 1996இல் அங்கு அனுமதி பெற்ற அடப்பலீனும் இவ்வகையில் முக்கியமானவை. டிரெட்டினாயின் ஒளி பட்டால் சிதையும். ஆகவே இரவில் பூசுவார்கள். ஒரு பட்டாணி அளவு முகம் முழுவதற்கும் போதும். பருவின் மீது மட்டும் புள்ளி வைப்பது பயன் தராது. ஏன்? அடுத்த மாதம் தோன்றப் போகும் பருவின் அடைப்பு, இன்று பரு இல்லாத இடத்தில் தொடங்கிக் கொண்டிருக்கிறது அல்லவா? முதல் சில வாரங்களில் தோல் காய்ந்து உரியலாம். பரு சற்றுக் கூடியது போலவும் தோன்றலாம். கருவுற்ற பெண்கள் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

சாலிசிலிக் அமிலம், அசெலாயிக் அமிலம்: முதலாவது அடைப்பை இளக்குகிறது, லேசான பருக்களுக்கு ஏற்றது. இரண்டாவது பாக்டீரியாவையும் அழற்சியையும் குறைப்பதோடு, பரு ஆறியபின் நிற்கும் கருந்தழும்பையும் மங்கச் செய்கிறது. நம்மைப் போன்ற மாநிறத் தோல் உடையவர்களுக்குப் பருவைவிட அந்தக் கரும்புள்ளிகளே பெரிய கவலை என்பதால் இது குறிப்பிடத் தக்கது.

கிளிண்டாமைசின்: இது ஓர் ஆன்டிபயாடிக். பாக்டீரியா புரதம் செய்யும் பொறியைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரே இடத்தைத் தாக்குவதால், அந்த இடத்தில் சிறிது மாறுதல் உடைய பாக்டீரியாக்கள் தப்பிப் பிழைத்துப் பெருகிவிடுகின்றன. ஆகவே இதைத் தனியே பூசக் கூடாது. பென்சாயில் பெராக்சைடுடன் சேர்த்தே பூச வேண்டும். ஒன்றிலிருந்து தப்பியதை மற்றொன்று பிடித்துவிடும்.

உட்கொள்ளும் மருந்துகள்

பரு மார்பிலும் முதுகிலும் பரவினாலோ, அழற்சி மிகுந்தாலோ மருத்துவர் டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரையைத் தரலாம். இதனை மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு மேல் நீட்டிக்காமல் இருப்பதே நல்லது என்பது இன்றைய மருத்துவக் கருத்து. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். விழுங்கியவுடன் படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் எளிதில் கன்றும் என்பதையும் நினைவில் கொள்க.

மாதவிலக்கு ஒழுங்கற்றிருந்து, முகத்தில் முடியும் பருவும் மிகுந்தால், சினைப்பைத் தொடர்பான ஹார்மோன் கோளாறு இருக்கலாம். அதனைச் சோதனை செய்து அறிந்து, ஹார்மோன் வழியாகவே சிகிச்சை தருவார்கள். மாணவிகள் இதைத் தாயிடம் சொல்லவோ மருத்துவரிடம் கேட்கவோ கூசத் தேவையில்லை.

இனி, பெரிய கட்டிகளாகத் தோன்றிக் குழித் தழும்பு விடும் கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மருந்து உண்டு. 1979இல் அமெரிக்காவில் கடுமையான பரு உடைய 14 பேருக்கு இதைக் கொடுத்ததில் 13 பேருக்கு முற்றிலும் குணமானது என்று அறிவிக்கப்பட்டது. 1982இல் அங்கு அனுமதி கிடைத்தது. சுரப்பியையே சுருக்கி, நான்கு கால்களையும் தாக்கும் ஒரே மருந்து இதுதான்.

இதன் அளவில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. சிகிச்சைக் காலம் முழுவதற்கும் சேர்த்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் என்பது வழக்கமான மொத்த அளவு. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, கிலோவுக்கு 120 என்றால் மொத்தம் 6,000 மில்லிகிராம். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வீதம் 25 மில்லிகிராம் கொடுத்தால் 240 நாட்கள், அதாவது எட்டு மாதங்கள் ஆகும். நண்பன் எட்டு மாதம் சாப்பிட்டானே, நான் ஏன் ஆறு மாதம் என்று கேட்பவர்களுக்கு விடை இக்கணக்கில் இருக்கிறது.

ஆனால் இது கடுமையான கட்டுப்பாட்டுடன் கொடுக்கப்பட வேண்டிய மருந்து. கருவிலுள்ள குழந்தைக்குக் கொடிய ஊனங்களை விளைவிக்கும். உதடு ஏறக்குறைய எல்லாருக்கும் வெடிக்கும். கல்லீரலையும் குருதிக் கொழுப்பையும் சோதித்துக் கொள்ள வேண்டும். மனச்சோர்வு தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இம்மருந்தை உட்கொள்ளும்போது வைட்டமின் ஏ மாத்திரையோ டாக்சிசைக்ளினோ சேர்த்து உட்கொள்ளக் கூடாது. நண்பனின் மாத்திரையைப் பங்கு போட்டுக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பது இப்போது விளங்கும்.

ஒளியால் குணமாகுமா?

போர்ஃபைரின் மிக நன்றாக உட்கொள்ளும் ஒளியின் அலைநீளம் 415 நானோமீட்டரை ஒட்டியது. நீல ஊதா ஒளி. இதன் ஃபோட்டான் ஆற்றல் ஏறத்தாழ 3 எலக்ட்ரான் வோல்ட். போர்ஃபைரின் இந்த ஆற்றலில் ஒரு பகுதியை அருகிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுக்குக் கொடுத்துவிடுகிறது. சாதாரண ஆக்சிஜன் கிளர்ச்சியுற்ற நிலைக்குப் போக ஏறத்தாழ 1 எலக்ட்ரான் வோல்ட் போதும். அவ்வாறு கிளர்ச்சியுற்ற ஆக்சிஜன், பாக்டீரியாவின் உறையைத் தாக்கி அழிக்கிறது. தான் உண்டாக்கிய பொருளே தனக்கு எமனாகிறது!

கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது ஆழம். எண்ணெய்ச் சுரப்பிகள் தோலுக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. நீல ஒளியின் பெரும்பகுதி அதற்கு முன்பே உட்கொள்ளப்பட்டும் சிதறியும் போகிறது. கணக்குக்காக, ஒவ்வொரு 0.3 மில்லிமீட்டருக்கும் ஒளி பாதியாகிறது என்று வைத்துக் கொள்வோம். 0.9 மில்லிமீட்டர் ஆழத்தில் எட்டில் ஒரு பங்கே எஞ்சும். சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகச் செல்லும். ஆனால் போர்ஃபைரின் அதைக் குறைவாகவே உட்கொள்ளும். இரண்டாவது தடை, பாக்டீரியா மீண்டும் வளர்ந்துவிடுவது. அடைப்பும் சீபமும் அப்படியே இருக்க, குடியிருப்பவரை மட்டும் விரட்டினால் வீடு எத்தனை நாள் காலியாக இருக்கும்? மேலும், நீல ஒளி மாநிறத் தோலைக் கறுக்கச் செய்யவும் கூடும். ஆகவே ஒளிச் சிகிச்சையை முதல் மருந்தாகக் கொள்ளப் போதிய சான்று இன்னும் கிடைக்கவில்லை.

ஆனால் இயற்பியல் இத்துடன் நின்றுவிடவில்லை. சீபம் கொழுப்புப் பொருள். அதில் கார்பன் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஏராளம். இப்பிணைப்பு ஒரு சுருள்வில்லைப் போல் அதிர்கிறது. அதன் அடிப்படை அதிர்வுக்கு உரிய அலைநீளம் ஏறத்தாழ 3.45 மைக்ரோமீட்டர். வீணைத் தந்தியில் அடிப்படைச் சுரத்துடன் இரு மடங்கு அதிர்வெண் உடைய மேற்சுரமும் எழுவது போல், இப்பிணைப்புக்கும் மேற்சுரம் உண்டு. அதிர்வெண் இரு மடங்கானால் அலைநீளம் பாதியாகும்: ஏறத்தாழ 1.73 மைக்ரோமீட்டர். அந்த இடத்தில் நீரைவிடக் கொழுப்பே ஒளியை அதிகமாக உட்கொள்கிறது. மெலனின் மிகக் குறைவாகவே உட்கொள்கிறது.

1726 நானோமீட்டர் லேசரைக் கொண்டு, தோலின் மேற்பரப்பைக் குளிர்வித்தபடியே சுரப்பியை மட்டும் சூடாக்கும் கருவி ஒன்றுக்கு 2022இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. இது செலவு மிக்கது. நீண்டகால அனுபவமும் இன்னும் போதாது. எக்ஸ் கதிரின் கதையைப் படித்த நாம், இங்கும் பல ஆண்டு விளைவுகளைப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

கடைக் களிம்பின் கதை

இப்போது அந்த மாணவனின் களிம்புக்கு வருவோம். குழாயை வாங்கிப் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருந்ததைப் படித்தேன். அதில் ஒரு ஸ்டீராய்டு இருந்தது. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று பெயர்கள் முடிவதைக் கவனியுங்கள். இவை கெட்ட மருந்துகள் அல்ல. கரப்பான் போன்ற நோய்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் குறுகிய காலத்துக்கு மிகவும் பயன்படுபவை. ஆனால் பருவுக்கு உரியவை அல்ல.

முகத்தில் பூசியவுடன் ஸ்டீராய்டு அழற்சியை அடக்குகிறது. மூன்றே நாளில் சிவப்பு மறைகிறது. முகம் வெளுத்தது போலவும் தோன்றுகிறது. எனவே நல்ல மருந்து என்று நம்பித் தொடர்கிறார்கள். ஆனால் அடைப்பு நீங்கவில்லை. சில மாதங்களில் தோல் மெலிந்து, நுண்ணிய குருதி நாளங்கள் தெரிகின்றன. வேண்டாத முடி வளர்கிறது. ஸ்டீராய்டே புதுப் பருக்களை எழுப்புகிறது. பூசுவதை நிறுத்தினால் முகம் நெருப்பாய்ச் சிவக்கிறது. அதற்கு அஞ்சி மறுபடியும் பூசுகிறார்கள். இப்படி வெளியேற முடியாத வட்டம் ஒன்று அமைந்துவிடுகிறது.

நம் நாட்டில் இது பெருந்தொல்லையாகி, 2018இல் 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணையில் மத்திய அரசு சேர்த்தது. ஆயினும் வாங்குபவர் விழிப்பாக இருந்தால்தான் சட்டம் பயன்படும். நீங்கள் இத்தகைய களிம்பைப் பூசி வந்தால், திடீரென்று நீங்களாக நிறுத்தாமல், குழாயுடன் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

நம்புவதா, சோதிப்பதா?

வுட் விளக்கின் ராபர்ட் வுட்டைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. 1903இல் பிரான்சில் ப்ளோண்லோ என்னும் இயற்பியலாளர் என் கதிர் என்ற புதுக்கதிரைக் கண்டதாக அறிவித்தார். பலரும் தாமும் கண்டதாகச் சொன்னார்கள். 1904இல் வுட் அந்த ஆய்வகத்துக்குச் சென்றார். சோதனை நடந்துகொண்டிருந்த இருட்டில், கருவியின் முக்கிய உறுப்பாகிய அலுமினிய முப்பட்டகத்தை ஓசையின்றி எடுத்துவிட்டார். ஆய்வாளர்களோ கதிரைத் தொடர்ந்து கண்டுகொண்டே இருந்தார்கள்! கதிர் இல்லை என்பது வெளியாயிற்று.

பரு தானாகவே கூடும், தானாகவே குறையும். மிக மோசமான நாளில் எதையாவது பூசினால், அடுத்த வாரம் எப்படியும் சற்றுக் குறைந்திருக்கும். எலுமிச்சைச் சாறும் பற்பசையும் பெயர் வாங்கியது இப்படித்தான். உண்மையில் அவை தோலைப் புண்படுத்துகின்றன. மருத்துவ ஆய்வாளர்கள் சில சோதனைகளில் முகத்தின் ஒரு பாதியில் மருந்தையும் மறுபாதியில் மருந்தில்லாத களிம்பையும் பூசி, எது எங்கே என்று தெரியாத ஒருவரைக் கொண்டு பருக்களை எண்ணச் செய்கிறார்கள். மேலே நான் குறிப்பிட்ட பூசும் மருந்துகளும் உட்கொள்ளும் மருந்துகளும் இத்தகைய கட்டுப்பாடான சோதனைகளில் தேறியவை.

இன்னொன்று, பொறுமை. அடைப்பு உருவாகப் பல வாரங்கள் ஆவதால், எந்த மருந்தும் பலன் காட்ட 8 முதல் 12 வாரங்கள் ஆகும். இரண்டாவது வாரத்தில் மருந்தை மாற்றுபவர் எந்த மருந்தின் பலனையும் காண மாட்டார். பருவைக் கிள்ளாதீர்கள், அழற்சி ஆழமாகித் தழும்பு நிலைத்துவிடும். தலைக்கு வைக்கும் எண்ணெய் நெற்றியில் வழியாமல் பார்த்துக் கொள்ளுங்கள். எண்ணெய்ப் பலகாரம் பருவைத் தரும் என்பதற்கு வலுவான சான்று இல்லை; சர்க்கரை மிகுந்த உணவுக்கும் பருவுக்கும் ஓரளவு தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

வலியுள்ள கட்டிகள், குழித் தழும்பு, மூன்று மாதம் பூசியும் குறையாத பரு, அல்லது பருவினால் வெளியே செல்லவே மனமில்லாத நிலை, இவற்றுள் எது இருந்தாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். மனத்தின் வேதனையும் ஒரு நோய்க்குறியே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

எங்கள் மாணவனும் அங்கேதான் சென்றான். ஸ்டீராய்டின் சிவப்பு அடங்கவே சில மாதங்கள் ஆயின. பரு குறைய ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. மூன்றாமாண்டில் இளைய மாணவர்களுக்கு ஒளிர்தலைக் காட்ட அவனையே நிற்கச் சொன்னேன். ரூபாய் நோட்டைக் காட்டி முடித்ததும், யாரும் கேட்காமலேயே கண்ணை மூடிக்கொண்டு தன் முகத்தை விளக்கின் கீழ் நீட்டினான். மூக்கில் சில ஆரஞ்சுப் புள்ளிகள் அப்போதும் இருந்தன. "இது அழுக்கு இல்லை. உங்க மூக்கிலயும் இருக்கும்" என்று அவர்களிடம் சொன்னான்.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

1. கிளர்ச்சியுற்ற ஆக்சிஜன் தன் ஆற்றலை ஒளியாக வெளியிட்டால், அதன் அலைநீளம் 1270 நானோமீட்டர். அந்த ஃபோட்டானின் ஆற்றல் என்ன? அதைக் கண்ணால் காண முடியுமா?

2. ஒவ்வொரு 0.3 மில்லிமீட்டருக்கும் பாதியாகக் குறையும் ஒளியில், 1.5 மில்லிமீட்டர் ஆழத்தில் எத்தனை பங்கு எஞ்சும்?

3. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மொத்தம் கிலோவுக்கு 120 மில்லிகிராம் வீதம் ஐசோட்ரெட்டினாயின் உட்கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்றால் எத்தனை நாட்கள்?

விடைகள்: 1. ஏறத்தாழ 0.98 எலக்ட்ரான் வோல்ட். அகச்சிவப்பு ஆகையால் காண இயலாது. 2. முப்பத்திரண்டில் ஒரு பங்கு. 3. 180 நாட்கள்.